இரண்டாகத் தெரியும் எழுத்து: அச்சின் குறையா, அடியின் குறையா?

1955இல் பிலடெல்பியா நாணயச்சாலை அடித்த லிங்கன் சென்ட்டுகளில் சிலவற்றில், ஆண்டும் எழுத்துகளும் வெறுங்கண்ணுக்கே இரண்டிரண்டாகத் தெரியும். 20,000க்கும் மேல் வெளியே போயின. அவற்றில் பல, சிகரெட் பாக்கெட்டின் கண்ணாடித்தாளுக்குள் மீதிச் சில்லறையாகப் போயிருந்தன: பாக்கெட் விலை 23 சென்ட், விற்பனை இயந்திரத்தில் போடுவதோ 25. இன்று நல்ல நிலையில் உள்ள ஒன்று ஆயிரம் டாலரைத் தாண்டும். ஆனால் எழுத்து இரட்டையாகத் தெரியும் நாணயங்களில் பெரும்பாலானவை முகமதிப்புக்கு மேல் ஒரு காசு பெறாது.

வித்தியாசம் எங்கே என்று பார்க்க, கொழுக்கட்டை அச்சை எடுத்துக்கொள்வோம். உள்ளே பூவிதழைச் செதுக்கியவர், சற்றுத் தள்ளி அதே இதழை இன்னொரு முறையும் செதுக்கிவிட்டார். அதில் பிடிக்கும் ஒவ்வொரு கொழுக்கட்டையிலும் அதே இடத்தில் இரண்டு இதழ். மாவு குழியை நிரப்பியதால் இரண்டுமே உருண்டு புடைத்திருக்கும். இதுதான் டபுள்டு டை. எழுத்து புடைத்த எஃகுத் துண்டான ஹப்பை அழுத்தித்தான் நாணய அச்சைக் குழிப்பார்கள். அக்காலத்தில் ஒரே அழுத்தில் போதிய ஆழம் வராது. அழுத்தியதில் எஃகு இறுகிவிடும். காய்ச்சி இளக்கி மறுபடி அழுத்துவார்கள். அப்போது ஹப் சற்றே திரும்பி உட்கார்ந்தால் தீர்ந்தது, எழுத்து இரண்டாகிவிடும்.

விலை பெறாத இரட்டை வேறு வகை, அதன் பெயர் மெஷின் டபுளிங். இதில் அச்சு பழுதில்லாதது. மாவை அழுத்திய கையோடு அச்சு ஒரு நூல் நகர்ந்து, இதழின் ஓரத்தை நசுக்கிவிடுகிறது. புது இதழ் வராது, இருந்ததுதான் ஒல்லியாகும். அச்சு தளர்ந்திருந்தால் நாணயத்திலும் இதே கதைதான்: எழுத்தின் பக்கத்தில் படிக்கட்டு போலத் தட்டையான, பளபளக்கும் ஒரு விளிம்பு.

ஆகவே பூதக்கண்ணாடியில் முதலில் பார்க்க வேண்டியது எழுத்தின் பருமனை. உண்மையான இரட்டையில் எழுத்து தடித்து, முனைகள் பிளந்து, மூலைகளில் சிறு வெட்டு தெரியும். இன்னொன்றில் எழுத்து மெலிந்திருக்கும். நாணயத்தைச் சாய்த்து ஒளி காட்டினால் போதும். விற்பவர் சொல்லும் கதை தேவையில்லை.

சான் பிரான்சிஸ்கோவின் 1969 சென்ட்டில் இன்னும் சுலபம். ஆண்டின் கீழுள்ள 'எஸ்' குறியை அன்று ஹப்பில் வைக்கவில்லை. அச்சு தயாரான பிறகு தனியாகக் கையால் அடித்தார்கள். எனவே அசல் டபுள்டு டையில் ஆண்டு இரட்டையாக இருக்கும், 'எஸ்' ஒற்றையாகவே நிற்கும். ஆண்டோடு சேர்ந்து 'எஸ்'ஸும் ஒரே பக்கமாக இழுபட்டிருந்தால் அது மெஷின் டபுளிங். அந்த ஆண்டுச் சென்ட்டில் அதற்குப் பஞ்சமே இல்லை.