வளைந்த படிகமும் குவியும் எக்ஸ் கதிரும்

கதிரவன் ஒளியைக் கண்ணாடி வில்லையால் குவித்துத் தாளைக் கருகச் செய்வதைச் சிறுவரும் அறிவர். எக்ஸ் கதிரிடம் அவ்வில்லை தோற்றுவிடுகிறது. 1895-இல் அக்கதிர்களைக் கண்டறிந்த ஜெர்மானிய அறிஞர் இராண்ட்ஜன், வில்லைகளால் அவற்றைக் குவிக்க முயன்றும் பயன் காணவில்லை. கண்ணாடிக்குள் நுழையும் எக்ஸ் கதிர் தன் பாதையினின்று விலகுவது மிகமிகச் சிறிதளவே என்பதுதான் காரணம். ஆடியின் நிலையும் அதுவே. மிகத் தாழ்ந்த கோணத்தில் உரசிச் சென்றாலன்றி அக்கதிர் எதிரொளிப்பதில்லை. அவ்வாறாயின், நாற்புறமும் சிதறி வீணாகும் கதிரை ஓரிடத்தில் சேர்ப்பது எங்ஙனம்?

விடை படிகத்தில் இருந்தது. தொழுகையில் நிற்கும் அணிகளைப் போலப் படிகத்தில் அணுக்கள் வரிசை தவறாமல் நிற்கின்றன. 1912-இல் லாவே என்பாரின் கருத்துப்படி நிகழ்ந்த ஆய்வில், படிகம் எக்ஸ் கதிர்களைக் குறித்த திசைகளில் திருப்புவது புலனாயிற்று. லாரன்ஸ் பிராக் அதற்குரிய விதியை வகுத்தார். அடுத்தடுத்த அணுத் தளங்களில் பட்டு மீளும் கதிர்களின் பாதை வேறுபாடு, அலைநீளத்தின் முழு மடங்காக இருந்தால் மட்டுமே அவை ஒன்றையொன்று வலுப்படுத்தும். தந்தையும் மகனுமாக 1915-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது மகனுக்கு வயது 25.

எனினும் ஓர் இடர்ப்பாடு எஞ்சியது. ஒரு புள்ளியிலிருந்து விரிந்துவரும் கதிர்கள் தட்டையான படிகத்தில் இடத்திற்கு இடம் வெவ்வேறு கோணத்தில் படும். குறித்த அலைநீளத்திற்குரிய கோணம் ஒரு குறுகிய கீற்றில் மட்டுமே அமையும். ஏனைய பரப்பு வறிதே கிடக்கும்.

படிகத்தை வளைப்பதே இதற்குத் தீர்வு. கதிர் மூலம், படிகப் பரப்பு, குவியம் ஆகிய மூன்றும் ஒரே வட்டத்தின்மீது அமைவதாகக் கொள்வோம். இதனை ரோலண்டு வட்டம் என்பர். படிகத் தளங்களை அவ்வட்டத்தின் விட்டத்திற்குச் சமமான ஆரத்தில் வளைத்தால், அவற்றின் செங்குத்துக் கோடுகள் யாவும், படிக நடுவுக்கு நேரெதிரே வட்டத்தின்மீதுள்ள ஒரு புள்ளியில் கூடும். ஒரே வட்டத்துண்டில் அமையும் கோணங்கள் சமம் என்பது பள்ளியில் நாம் கற்ற தேற்றம். ஆகவே கதிர்கள் படிகத்தின் எவ்விடத்தில் பட்டாலும் ஒரே கோணத்தில் பட்டு மீண்டு, ஓரிடத்தில் குவிகின்றன.

1931-இல் ஜோஹான் படிகத்தை இவ்வாறு வளைத்தார். ஆனால் அதன் நடுப்பகுதி மட்டுமே வட்டத்தைத் தொட்டது. ஓரங்கள் விலகியமையால் குவியம் சற்று மங்கியது. 1933-இல் ஜோஹான்சன், படிகத்தை முதலில் குழிவாகக் கடைந்து பின்னர் வளைத்தார். தளங்கள் முன்போல் விட்ட அளவிலேயே வளைய, மேற்பரப்பு முழுவதும் வட்டத்தோடு பொருந்தியது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இப்னுல் ஹைதம் கண்ட உண்மையும் இதற்கு உறவுடையதே. கோள ஆடி கதிரவன் ஒளியை ஒரே புள்ளியில் சேர்ப்பதில்லை, பரவளைய ஆடியே சேர்க்கும் என அவர் நிறுவினார். வளைத்தல் மட்டும் போதாது. வளைவு உரிய வடிவில் அமைதல் வேண்டும்.

இதனால் விளைந்த பயன் பெரிது. 1951-இல் பாரிசில் கஸ்தேன் தம் ஆய்வேட்டில் விளக்கிய மின்னணுக் கற்றை நுண்பகுப்பாய்வில், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்களவே உள்ள இடத்தின் தனிமங்களை அறியலாம். அச்சிறு புள்ளி உமிழும் மெல்லிய கதிரை வீணாக்காது சேர்த்துத் தருவது வளைந்த படிகமே. உலோகக் கலவையும் விண்கல்லும் தம் உள்ளமைப்பை அதன்வழி வெளிப்படுத்துகின்றன.

பள்ளி வடிவியலின் எளிய தேற்றம் ஒன்று நுண்கருவியின் நெஞ்சமாக நின்று உழைக்கிறது. இத்தகைய நுட்பங்களையும் தமிழில் தெளிவுறச் சொல்ல இயலும். சொல்லுதல் நம் கடமையுமாகும்.