பேசின் பிரிட்ஜில் நிற்கும் கவிதைகள்

சென்னை சென்ட்ரலுக்கு ரயிலில் வந்தவர்களுக்கு இது தெரியும். பெட்டியெல்லாம் இறக்கி வாசலருகே வைத்த பிறகு வண்டி பேசின் பிரிட்ஜில் வந்து நிற்கும். நிற்கும், நிற்கும், நின்றுகொண்டே இருக்கும்! அரக்கோணம் பாதையும் கும்மிடிப்பூண்டிப் பாதையும் கூடுகிற இடம். சிக்னல் கிடைத்தால்தான் நகரலாம். எல்லோரும் அலுத்துக்கொள்ளும் அந்த நேரத்தில்தான் எனக்குக் குஷி பிறக்கும். கோயம்புத்தூர் பெண்ணோ, பீகாரிலிருந்து மணலிக்கும் எண்ணூருக்கும் வேலை தேடி வரும் தம்பியோ, சென்னையை முதன்முதலில் ஆற அமரப் பார்ப்பது இந்த ஜன்னல் வழியாகத்தான். ஊர் மாறியவர்களின் கவிதை உருவாகும் பட்டறை இங்கே திறந்தே கிடக்கிறது. வாங்க, எட்டிப் பார்ப்போம்!

உள்ளே நுழைந்ததும் கையில் அகப்படுவது நம் பழைய கருவி: கருப்பொருள். ஒரு நிலத்தைக் காட்டத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று தொல்காப்பியம் அடுக்குகிறதே, அதுதான். புது ஊரில் மனசு தடுமாறும்போது பிடித்துக்கொள்ள இதைவிட நல்ல கைப்பிடி எனக்குத் தெரியவில்லை. ‘தனியாக இருக்கிறேன்’ என்று எழுதினால் படிப்பவர் உச்சுக்கொட்டிவிட்டுப் போய்விடுவார். காலையில் எந்தச் சத்தம் எழுப்பியது, ராத்திரி எதைச் சாப்பிட்டீர்கள் என்று எழுதுங்கள்; கூடவே வந்து உட்கார்ந்துவிடுவார்.

இன்னொரு ரகசியமும் உண்டு. புது இடத்துப் பொருளைப் பார்க்கும் கண்ணில் பழைய ஊர் ஒட்டிக்கொண்டே வரும். மதுரையில் குளிரில் நடுங்கிக் கிடந்த சத்திமுற்றப் புலவர், மேலே பறந்த நாரையின் அலகில் தம் ஊர்ப் பனங்கிழங்கைத்தானே பார்த்தார்! அவருக்குப் பல நூற்றாண்டு கழித்துக் கனடாவுக்குப் போன ஈழத்துக் கவிஞர் திருமாவளவனும் அப்படித்தான். 2000இல் வந்த அவருடைய தொகுப்பின் பெயர் ‘பனிவயல் உழவு’. டொராண்டோவின் பனி, யாழ்ப்பாணத்தின் உழவு, இரண்டும் ஒரே தலைப்பில்! புலம்பெயர்ந்த எழுத்தாளர்கள் பனியையும் பனி சார்ந்த நிலத்தையும் ஆறாம் திணை என்கிறார்கள். அப்படியானால் தண்டவாளமும் தண்டவாளம் சார்ந்த இடமும் ஏழாம் திணை என்று நான் அடம்பிடிப்பேன். அதற்குத் தலைநகரம் பேசின் பிரிட்ஜ்தான்!

இந்தத் திணைக்கு உணவு வேண்டுமே? அத்தோ இருக்கிறது! 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தது. கடைகளும் தொழில்களும் அரசுடைமையாக, ஆயிரக்கணக்கான தமிழர்கள் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கினார்கள். பலர் பேசின் பிரிட்ஜை அடுத்த வியாசர்பாடிப் பக்கம் குடியேறினார்கள். பர்மாவிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தாய்நாடே அந்நிய ஊர். அவர்கள் கொண்டுவந்த சாப்பாட்டைத் தள்ளுவண்டியில் பாருங்கள். நூடுல்ஸை அள்ளிப் போட்டு, முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த பூண்டு, மிளகாய்த்தூள், புளித்தண்ணீர் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கையாலேயே பிசைவார்கள். பேஜோ என்ற மொறுமொறுப்பான தட்டையை நொறுக்கி மேலே தூவி, பக்கத்தில் சுடச்சுட வாழைத்தண்டு சூப்பை வைப்பார்கள். ரங்கூன் நூடுல்ஸும் நம் புளியும் ஒரே தட்டில்! ஊர்விட்டு ஊர் வந்த கவிதையில் இதைவிட நல்ல வரியை நான் படித்ததில்லை. இதை எழுதும்போதே நாக்கில் நீர் ஊறுகிறது.

பறை எங்கே என்கிறீர்களா? மேசையோ குடமோ கிடைத்தால் போதும், வடசென்னையின் கானாப் பாட்டு பிறந்துவிடும். ராயபுரத்தில் வளர்ந்த பாடகி இசைவாணி அதைப் பாடித்தான் 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலுக்குப் போனார்.

மணலியிலும் எண்ணூரிலும் இன்று போஜ்புரியும் ஒடியாவும் பேசுகிறவர்கள் வேலை செய்கிறார்கள். அவர்களின் முதல் நாள் சென்னையும் தமிழில் வர வேண்டும். பக்கத்து சீட்டுத் தம்பியிடம் இங்கே வந்ததும் முதலில் என்ன சாப்பிட்டாய் என்று கேளுங்கள். அவர் சொல்வதை அன்றைக்கே எழுதி வையுங்கள்.