பந்தை நகர்த்தியது யார்?

கற்பிட்டிப் பக்கம் கண்டக்குளிக் கரையில் சோளகக் காற்று வீசும் மாதங்களில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. காலையில் பதித்த காலடி மத்தியானத்துக்குள் தூர்ந்துவிடும். அந்த மணலில் ஒரு கொல்ஃப் பந்து கிடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். விதிப்படி அதன் எடை 45.93 கிராமைத் தாண்டக்கூடாது, குறுக்களவு 42.67 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது.

காற்று ஓங்கி வீசிப் பந்தை உருட்டிவிடுகிறது. அடுத்த அடியை எங்கிருந்து அடிப்பது? உருண்டு நின்ற இடத்திலிருந்துதான். காற்றும் நீரும் இயற்கைச் சக்திகள். அவை கொண்டுபோய் விட்ட இடமே பந்தின் இடம். இந்தக் கரையில் கட்டாக்காலியாகத் திரியும் கழுதை ஒன்று பந்தைத் தட்டிவிட்டால்? கழுதை வெளியார் கணக்கு. தண்டனை இல்லை, பந்தைப் பழைய இடத்திலேயே வைக்கவேண்டும். ஆட்டக்காரரின் கால் பட்டு நகர்ந்தால்? பந்து பழைய இடத்துக்கே போகும். பொதுவாக ஓர் அடி தண்டனையும் சேரும். நகர்ந்தது ஒரே பந்து. நகர்த்தியவர் மாறினால் தீர்ப்பும் மாறுகிறது.

பந்து அடம்பன் கொடிக்குள் சிக்கினாலும் இதே நுட்பம்தான். வேரோடிய கொடியைப் பிய்த்து வழி செய்துகொள்ள முடியாது. பக்கத்தில் உதிர்ந்து கிடக்கும் காய்ந்த தென்னோலையை எடுத்துப் போடலாம். ஆனால் ஓலையை இழுக்கும்போது பந்து அசைந்தால் ஓர் அடி கூடும்.

இந்த விதிகள் பிறந்ததும் கடலோரத்தில்தான். ஸ்கொட்லாந்தின் லீத் துறைமுகத்தை ஒட்டிய புல்வெளியில் 1744ஆம் ஆண்டு நடந்த போட்டிக்காக 13 விதிகள் எழுதப்பட்டன. நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய கொல்ஃப் விதிகள் அவை. ஓடிவரும் பந்தை மனிதரோ குதிரையோ நாயோ தடுத்துவிட்டால், அது நின்ற இடத்திலிருந்தே ஆடவேண்டும் என்கிறது பத்தாவது விதி. கிடந்த பந்துக்குச் சொந்தமாக ஓர் இடம் உண்டு. ஓடும் பந்துக்கு இன்னும் இடமில்லை. அதனால்தான் இரண்டுக்கும் இரு நீதி.

கொழும்பு பொரளையில் அந்தப் பழைய விதியின் உயிரைக் காணலாம். 1879இல் தொடங்கிய றோயல் கொழும்பு கொல்ஃப் கழகத்தின் மைதானத்துக்குள்ளேயே களனிவெளி ரயில் பாதை ஓடுகிறது. கிரீனுக்கு, அதாவது குழியைச் சுற்றியுள்ள குறும்புல் பரப்புக்கு, வெளியிலிருந்து அடித்த பந்து தற்செயலாக ஓடும் ரயிலில் பட்டுத் திரும்பினால், வந்து நின்ற இடத்திலிருந்தே ஆட்டம் தொடரும். லீத்தின் குதிரை நின்ற இடத்தில் இங்கே ரயில் நிற்கிறது.

பெரும்பாலான ஆட்டங்களில் பக்கத்தில் நடுவர் இருப்பதில்லை. புதருக்குள் பந்து அசைந்ததை ஆட்டக்காரர் மட்டுமே பார்த்திருப்பார். அசைத்தது காற்றா, தன் காலா என்று தானே சொல்லவேண்டும்; தன் கால்தான் என்றால் அந்த ஓர் அடியைத் தன் கணக்கில் சேர்க்கவேண்டும். கொல்ஃப் விதிகளில் மிகக் கடினமானது இதுதான். மிக உயர்ந்ததும் இதுதான்.