உங்களுக்குத் தெரியுமா? கார் நிற்கும் இடத்துக்கும் வரி!

ஆஸ்திரேலியாவின் சிட்னியில் உள்ள பரமட்டா நகர மையத்தில் அலுவலகக் கட்டடத்தின் அடித்தளத்தில் கோடு போட்டு ஒதுக்கிய கார் நிறுத்துமிடங்களுக்கு, கட்டட உரிமையாளர் ஆண்டுதோறும் மாநில அரசுக்கு வரி கட்ட வேண்டும்.

• 1992-ல் இந்த வரி சிட்னி நகர மையத்திலும் வடசிட்னியிலும் தொடங்கியது. 2000-ல் பரமட்டா, சாட்ஸ்வுட், பாண்டை ஜங்ஷன் பக்கமும் வந்தது.

• 2009-ல் பரமட்டாவில் ஓர் இடத்துக்கு 710 டாலர். சிட்னி மையத்தில் 2,000. அதன்பின் விலைவாசியோடு சேர்ந்து ஏறுகிறது.

• காரில் வருவதைக் குறைப்பதே நோக்கம் என்று சட்டமே சொல்கிறது. வசூல் பொதுப் போக்குவரத்துக்குத்தான் போக வேண்டும்.

• சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் விலக்கு உண்டு.

• காருக்கு மாற்றும் உண்டு: 2024 டிசம்பர் 20 முதல் பரமட்டா வழியாக வெஸ்ட்மீட்–கார்லிங்ஃபோர்ட் இடையே 12 கி.மீ. இலகு ரயில் ஓடுகிறது.

• ஆனால் இந்த வரியில் ஓட்டை ஒன்று உண்டு. வரியை முதலாளியே கட்டிவிட்டால், ஓசியில் நிறுத்தும் ஊழியருக்கு அப்படியொரு வரி இருப்பதே தெரியாது. காரை வீட்டில் விட்டுவர அவருக்கு என்ன அவசரம்? ஊருக்குள் நிற்காமல் புகைவிட்டுக் கடந்துபோகும் வண்டிக்கோ இந்த வரியில் ஒரு காசும் செலவில்லை.