பாட்டுக்குப் பின்னாடி ஓடுது டிராஃபிக் நியூஸ்!

ஜெர்மனி. ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து கொலோனுக்கு 'ஏ3' ஆட்டோபானில் நீங்க கார் ஓட்டிட்டுப் போறதா ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க. ஸ்பீடு 130. ஸ்டீரியோவில் ஏதோ ஒரு பாப் பாட்டு. முன்கண்ணாடியில் ஒட்டவெச்ச நேவிகேஷன் பெட்டி திடீர்னு 'டிங்'னு சத்தம் கொடுத்து, 'லிம்பர்க் பக்கத்துல வண்டியெல்லாம் நிக்குது... வேற ரூட்ல போலாமா?'ன்னு கேட்குது. உங்க செல்போன் ஸ்விட்ச் ஆஃப். பெட்டிக்குள்ள சிம் கார்டும் கிடையாது. சாட்டிலைட் சொல்லியிருக்குமோ? ம்ஹூம். ஜி.பி.எஸ். சாட்டிலைட்டுக்கு நீங்க எங்க இருக்கீங்கன்னுகூடத் தெரியாது. அது நேரத்தைச் சொல்லிட்டே இருக்கும், இடத்தைக் கணக்குப் போடறது உங்க பெட்டி.

அப்புறம் யாருதான் சொன்னாங்க? சாதாரண எஃப்.எம். ரேடியோ! பாட்டு வர்ற அதே அலையிலதான் அந்த நியூஸும் வந்து இறங்கியிருக்கு.

இந்த வித்தைக்குப் பேரு டி.எம்.சி. அதாவது டிராஃபிக் மெசேஜ் சேனல். கூகுள் மேப் பார்த்தே வளர்ந்த நமக்கு இது ஏதோ தாத்தா காலத்து சமாச்சாரமாத் தெரியலாம். ஆனா இ.சி.இ. படிக்கிறவங்க கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க. நீங்க செமஸ்டருக்கு மனப்பாடம் பண்ணின மாடுலேஷன், எரர் கரெக்ஷன் எல்லாம் ரோட்டுல இறங்கி வேலை செய்யற இடம் இது.

எஃப்.எம். ஸ்டேஷன் பாட்டை மட்டும் அனுப்பறதில்லை. பாட்டு 15 கிலோஹெர்ட்ஸோட முடிஞ்சிடும். 19-ல ஸ்டீரியோவுக்காக ஒரு பைலட் டோன். அந்த 19-ஐ மூணால பெருக்குங்க... 57. இந்த 57 கிலோஹெர்ட்ஸ் சந்துல யார் காதுக்கும் கேட்காம ஒரு குட்டி டேட்டா ஓடை ஓடிட்டிருக்கு. அதுதான் ஆர்.டி.எஸ். வெளிநாட்டு கார் ரேடியோவில் ஸ்டேஷன் பேரு எழுத்தா வருதே, அதே ஆர்.டி.எஸ்.தான்.

அந்த 57-ஐ முதல்ல பிடிச்சது டிராஃபிக் ஆளுங்கதான் என்பது இதுல ஒரு சுவாரஸ்யம். ஜெர்மனியில் 1974-லேயே ப்ளவ்புங்க்ட் கம்பெனியும் ஏ.ஆர்.டி. ரேடியோக்காரங்களும் சேர்ந்து 'ஏ.ஆர்.ஐ.'ன்னு ஒண்ணைக் கொண்டுவந்தாங்க. அறிவிப்பாளர் டிராஃபிக் நியூஸ் வாசிக்க ஆரம்பிச்சதும் கார் ரேடியோ தானா கேசட்டை நிறுத்திட்டு அதைப் போடும். பிறகு வந்த ஆர்.டி.எஸ்., அதே 57-ல 90 டிகிரி ஃபேஸ் தள்ளி உட்கார்ந்துக்கிச்சு. ஒரே பெஞ்சுல ரெண்டு பேர், ஆனா முட்டிக்கலை. ஏ.ஆர்.ஐ. 2005-ல தான் விடைபெற்றது.

சரி, ஆர்.டி.எஸ். ஸ்பீடு எவ்வளவு தெரியுமா? செகண்டுக்கு 1187.5 பிட். மெகாபிட் இல்லீங்க, வெறும் பிட்! காலையில சித்தப்பா வாட்ஸ்அப்புல அனுப்பற 100 கே.பி. குட்மார்னிங் படத்தை இதுல அனுப்பினா வந்து சேர 11 நிமிஷத்துக்கு மேல ஆகும். அதுவும் செக் பிட்டை எல்லாம் கணக்குல சேர்க்காமலே. இவ்வளவு ஒல்லியான குழாயில ஒரு மாநிலத்தோட மொத்த டிராஃபிக்கையும் எப்படி ஊத்தறது?

வார்த்தையே அனுப்பாம, நம்பர் மட்டும் அனுப்பித்தான்! 'என்ன நடந்தது' என்பதற்கு 11 பிட். அதாவது 2048 வகை சம்பவங்களுக்கு இடம் உண்டு. 101-ன்னா வண்டிகள் அசையாம நிக்குது. 401-ன்னா ரோடு மூடியாச்சு. 'எங்கே' என்பதற்கு 16 பிட், அதாவது ஒரு பட்டியலுக்கு 65,536 இடங்கள். எந்தத் திசை என்பதற்கு 1 பிட், எத்தனை ஜங்ஷன் தூரத்துக்கு என்பதற்கு 3 பிட், எவ்வளவு நேரம் இருக்கும் என்பதற்கு 3 பிட், மாத்து வழி தேவையா என்பதற்கு 1 பிட். முடிஞ்சது! மத்ததெல்லாம் உங்க பெட்டிக்குள்ள இருக்கிற அகராதியைப் பார்த்து அதுவே தெரிஞ்சுக்கும். அதனாலதான் ஜெர்மன் ஸ்டேஷன் அனுப்பற அதே நம்பர் பிரெஞ்சுக்காரர் கார்ல பிரெஞ்சிலும், இத்தாலிக்காரர் கார்ல இத்தாலியனிலும் பேசுது. மொழிபெயர்ப்பாளர் செலவு மிச்சம்!

ஜெர்மனியில் 1997-ல இந்த சேவை ஆரம்பிச்சாங்க. அங்கே போலீஸ் கொடுக்கிற தகவல் மாநிலத்தோட ஒரு மையத்துக்குப் போய், அங்கிருந்து ரேடியோ ஸ்டேஷன்களுக்குப் போகும். அரசுப் பொது ரேடியோக்கள் இதை இலவசமாவே ஒலிபரப்பின. பிரிட்டன்ல வேற கதை. தனியார் கம்பெனிகள் வியாபாரமா நடத்தினாங்க. டிராஃபிக்மாஸ்டர்னு ஒரு கம்பெனி ரோட்டோரம் நீலக்கம்பம் நட்டு, கேமரா மூலமா நம்பர் பிளேட்டோட ஒரு பகுதியைப் படிச்சுது. அடுத்த கம்பத்துல அதே வண்டி எத்தனை நிமிஷம் கழிச்சு வருதுன்னு பார்த்தா ஸ்பீடு தெரிஞ்சுடுமே! போட்டிக் கம்பெனியான ஐ.டி.ஐ.எஸ். தன்னோட தகவலை கிளாசிக் எஃப்.எம். அலையில ஏத்தி அனுப்பியது. மோஸார்ட் வாசிக்கிறார், அவர் முதுகுக்குப் பின்னாடி எம்25 டிராஃபிக் ஜாம் சவாரி செய்யுது. நினைச்சுப் பார்த்தாலே சிரிப்பா இல்ல?

ஆனா தகவல் சரியா வந்து சேரலைன்னா சிரிப்பு இல்லை. ஜெர்மன்காரங்க 'கைஸ்டர்ஃபாரர்'னு ஒரு வார்த்தை வெச்சிருக்காங்க. 'பேய் டிரைவர்'னு அர்த்தம். தப்பான ராம்ப்ல ஏறி, ஆட்டோபான்ல எதிர்த்திசையில வர்ற ஆளு! நீங்க 130-ல போறீங்க, அவர் 100-ல எதிர்ல வர்றார். பாட்டைப் பாதியில நிறுத்தி 'வலது ஓரமா போங்க, யாரையும் ஓவர்டேக் பண்ணாதீங்க'ன்னு ரேடியோ கத்தும். டி.எம்.சி.யிலும் இதுக்குத் தனி நம்பர் உண்டு, அவசரம்னு முன்னுரிமையும் உண்டு. மேடு தாண்டினதும் வண்டிங்க நிக்குதுன்னு முன்கூட்டியே தெரியறதும், தெரியாம வந்து மோதறதும் ஒண்ணா என்ன?

அப்ப ஏன் பல பேருக்கு இந்தப் பெட்டி சரியாவே சொல்லலை?

முதல் வில்லன் ஆன்டெனா. எஃப்.எம். அலையோட நீளம் சுமார் 3 மீட்டர். அதுல கால்வாசின்னாகூட 75 சென்டிமீட்டர் கம்பி வேணும். கையடக்கப் பெட்டிக்குள்ள அவ்வளவு இடத்துக்கு எங்கே போறது? அதனால மெல்லிசா ஒரு ஒயரைக் கொடுத்து, ரப்பர் உறிஞ்சியால கண்ணாடியில ஒட்டச் சொன்னாங்க. நம்ம ஆளுங்க என்ன செய்வாங்க? அசிங்கமா இருக்குன்னு அதைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு டாஷ்போர்டுக்குள்ள சொருகிடுவாங்க. போச்சு! ஒயரை நல்லா நீட்டி, கண்ணாடி ஓரமா மேலே ஏத்தி ஒட்டினாலே பாதிப் பிரச்னை தீர்ந்தது. சில கார்ல வெயில் சூட்டைத் தடுக்க கண்ணாடியிலேயே மெல்லிய உலோகப் பூச்சு இருக்கும். அது சூட்டோட சேர்த்து ரேடியோ அலையையும் வெளியிலேயே நிறுத்திடும். அந்தக் கார்ல கூரை ஆன்டெனாதான் கதி.

ரெண்டாவது வில்லனை யாரும் சந்தேகப்படவே மாட்டாங்க. சார்ஜர்! பல மாடல்ல டி.எம்.சி. ரிசீவர் பெட்டிக்குள்ள இல்லை, கூட வர்ற சார்ஜர் ஒயர்ல ஒரு குட்டி உருண்டையா இருக்கும். அந்த ஒயர் தொலைஞ்சு சாதாரண ஒயரைச் சொருகினா, பெட்டி ஜம்முனு சார்ஜ் ஆகும், டிராஃபிக் மட்டும் சத்தமில்லாம காணாமப் போயிடும். இன்னொரு பக்கம், மட்டமான சார்ஜர் கிளப்பற இரைச்சல் எஃப்.எம்.மையே அமுக்கிடும். லைட்டர் சாக்கெட்ல இருந்து மத்த சார்ஜரை எல்லாம் பிடுங்கிட்டு ஒருமுறை பாருங்க.

மூணாவது, பொறுமை. கணக்குப் போடுவோமா? ஆர்.டி.எஸ்.ல ஒரு 'குரூப்' 104 பிட். அதுல 64 பிட்தான் விஷயம், மிச்சம் 40-ம் தப்பு கண்டுபிடிக்க. செகண்டுக்கு 11 குரூப் சொச்சம். ஸ்டேஷன் பேரு, மத்த சமாச்சாரம் எல்லாம் போக, நாலுல ஒண்ணை டி.எம்.சி.க்குக் கொடுத்தாங்கன்னு வெச்சுக்குவோம். செகண்டுக்கு மூணுகூட முழுசாத் தேறாது. இதுல ஒவ்வொரு மெசேஜையும் திரும்பத் திரும்ப அனுப்பணும். ஏன்னா ஒரு தடவை வந்ததை நம்பாம, அதே மாதிரி இன்னொண்ணு வந்தாத்தான் ரிசீவர் ஏத்துக்கும். மூணு தடவை அனுப்பினா, செகண்டுக்கு ஒரே ஒரு மெசேஜ். மாநிலத்துல 300 மெசேஜ் இருந்தா ஒரு சுத்து சுத்தி வரவே 5 நிமிஷம். நீளமான மெசேஜுக்கு ரெண்டு மூணு குரூப்கூட ஆகும். ஸோ, சாவி போட்ட உடனே 'டிராஃபிக் எதுவும் இல்லை'ன்னு பெட்டி சொன்னா நம்பிடாதீங்க பாஸ். அதுக்கு இன்னும் தெரியலைன்னுதான் அர்த்தம். கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்க.

கார்லயே பதிச்சு வர்ற நேவிகேஷன்ல இன்னொரு கூத்து இருக்கு. ட்யூனர் ஒண்ணே ஒண்ணு இருந்தா, டி.எம்.சி. அனுப்பற ஸ்டேஷனை நீங்க கேட்கும்போதுதான் நியூஸ் வரும். உங்களுக்குப் பிடிச்ச வேற ஸ்டேஷனுக்குத் தாவினா அதுவும் கட். ரெண்டு ட்யூனர் இருந்தா ஒண்ணு பாட்டுக்கு, ஒண்ணு டிராஃபிக்குக்கு. அதே ஏ3-ல ஃபிராங்ஃபர்ட்டுல இருந்து கிளம்பினா முதல்ல ஹெஸ்ஸன் மாநிலத்து ஹெச்.ஆர்.3, பிறகு எஸ்.டபிள்யூ.ஆர்.3, அப்புறம் டபிள்யூ.டி.ஆர்.2-ன்னு மூணு மாநிலத்து ஸ்டேஷனை மாத்தி மாத்திப் பிடிக்கணும். இந்த மாறுற இடத்துலதான் மலிவு ரிசீவர் எல்லாம் திணறும். ஆட்டோமேட்டிக்கை அணைச்சிட்டு, கையாலயே ஸ்டேஷனைத் தேர்ந்தெடுக்க வழியிருந்தா அதைச் செய்யறதுதான் புத்திசாலித்தனம்னு எனக்குப் படுது.

இதையெல்லாம் சரி பண்ணியும் வரலையா? அப்ப மேப்பைப் பாருங்க. வர்றது வெறும் இட நம்பர்தானே! ஜெர்மனியில இந்தப் பட்டியலை 'பாஸ்ட்'ங்கிற சாலை ஆராய்ச்சி அலுவலகம் பராமரிக்குது. புது ஜங்ஷன் கட்டினா பட்டியல்ல புது நம்பர் சேரும். உங்க பெட்டியில இருக்கிறது பத்து வருஷப் பழைய மேப்புன்னா, அந்த நம்பர் அதுக்குப் புரியாது. புரியாததை அது வாயே திறக்காம தூக்கிப் போட்டுடும். சிக்னல் ஃபுல்லா காட்டும், நியூஸ் மட்டும் வராது. கடுப்பு!

இன்னொண்ணையும் மறைக்காம சொல்லணும். எல்லாம் ஒழுங்கா இருந்தாலும் டி.எம்.சி. ஜங்ஷன் டு ஜங்ஷன்தான் பேசும். ஊருக்குள்ள இருக்கிற சின்னத் தெருவெல்லாம் பெரும்பாலும் பட்டியல்லயே இல்லை.

நம்பகம்னு பேசும்போது, பொய்யே வந்தா? 2007-ல கனடாவோட வான்கூவர்ல நடந்த கான்செக்வெஸ்ட் மாநாட்டுல, ஆந்த்ரேயா பரிசானி, டேனியேலே பியாங்கோன்னு ரெண்டு இத்தாலிக்காரங்க இதைச் செஞ்சு காட்டினாங்க. இலவச டி.எம்.சி.யில வர்ற தகவல் நிஜமான ஸ்டேஷன்ல இருந்துதான் வருதான்னு சோதிக்க வழியே கிடையாது. சின்னதா ஒரு டிரான்ஸ்மிட்டர் கட்டி, பக்கத்துல இருக்கிற கார் நேவிகேஷனுக்குள்ள பொய்ச் செய்தியை அனுப்பினாங்க. ரோடு மூடியாச்சுன்னு மட்டுமில்லை... அந்த 11 பிட் பட்டியல்ல தீவிரவாதச் சம்பவம், விமானத் தாக்குதல், ஏன், காளைச் சண்டைக்குக்கூட நம்பர் இருக்கு! எல்லாத்தையும் பெட்டி அப்பாவியா திரையில காட்டியது. காசு கட்டி வாங்கற சேவையில இட நம்பரை மட்டும் பூட்டி அனுப்புவாங்க. அந்தப் பூட்டையும் 2013-ல ஃபின்லாந்தைச் சேர்ந்த ஊனா ரைசானென் திறந்து காட்டிட்டார்.

இதுக்குள்ள உலகம் வேற பக்கம் போயிடுச்சு. 2007-லேயே டாம்டாம் கம்பெனி நெதர்லாந்துல, வோடஃபோன் செல்போன்கள் நகர்ற வேகத்தை வெச்சு டிராஃபிக்கைக் கணிச்சு, சிம் கார்டு வழியா அனுப்ப ஆரம்பிச்சிடுச்சு. 2013-ல கூகுள் வேஸ் ஆப்பை வாங்கிச்சு. அதுங்க எல்லாம் தெருத்தெருவாச் சொல்லும், ஆனா டேட்டா வேணும், டவர் வேணும், நீங்க எங்க இருக்கீங்கன்னும் சொல்லியாகணும். ரேடியோவுக்கு இது எதுவுமே வேண்டாம். லட்சம் கார் கேட்டாலும் ஸ்டேஷனுக்கு ஒரே செலவுதான்.

எஃப்.எம். நின்னா அதோட டி.எம்.சி.யும் நிக்கும் என்பதுதான் இப்ப தலைவலி. நார்வேயில தேசிய ஸ்டேஷன்கள் 2017-ல எஃப்.எம்.மை விட்டு டிஜிட்டல் ரேடியோவுக்கு மாறிடுச்சு. சுவிட்சர்லாந்துல எஸ்.ஆர்.ஜி. 2024 டிசம்பர் 31-ஓட எஃப்.எம்.மை நிறுத்திடுச்சு. டிஜிட்டல் ரேடியோவில 'டி-பெக்'னு இதைவிடப் பெரிய குழாய் இருக்கு, ஆனா பழைய பெட்டிக்கு அது புரியாது.

எம்.எஸ். படிக்க ஜெர்மனி போற சீனியர் யாராவது அங்கே செகண்ட் ஹேண்ட் கார் வாங்கறேன்னு சொன்னா, நேவிகேஷன் இருக்கான்னு மட்டும் கேட்க வேண்டாம்னு சொல்லுங்க. மேப் எந்த வருஷம், ட்யூனர் எத்தனை, தனிப் பெட்டின்னா அந்த உருண்டை வெச்ச ஒரிஜினல் சார்ஜர் ஒயர் இருக்கா... மூணையும் கேட்கச் சொல்லுங்க.