வெண்டிலேட்டரை எடுப்பதும் விஷ ஊசியும் ஒன்றல்ல



"அத்தா படும் வேதனையைப் பார்க்க முடியலை. டாக்டரிடம் சொல்லி ஊசி போட்டு முடிச்சிடலாமா?" ஐ.சி.யூ. வாசலில் நின்று எங்களிடம் இப்படிக் கேட்டவர்கள் உண்டு. அவர்களைக் கடிந்துகொள்ள எங்களுக்கு மனம் வரவில்லை. ஆனாலும் கூடாது என்பதே பதில்.

உயிர் அல்லாஹ் தந்த அமானிதம். அதை நாமே போக்கிக்கொள்வது ஹராம். அதற்கு மருந்து எடுத்துக்கொடுப்பதும் பாவமே. நாட்டின் சட்டத்திலும் இடமில்லை. தற்கொலைக்குத் துணைபோனால் பாரதிய நியாய சன்ஹிதா 108ஆம் பிரிவின்படி 10 ஆண்டு வரை சிறை.

குழப்பம் வருவது வேறிடத்தில். பிழைக்க வழியே இல்லை, இயந்திரம்தான் மூச்சைத் தள்ளுகிறது என்ற நிலையில் அதை நிறுத்த 2018இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 2023இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒப்ப வேண்டும். குடும்பத்தார் மட்டும் முடிவெடுக்க முடியாது. நினைவு தெளிவாக இருக்கும்போதே இரண்டு சாட்சிகளுடன், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் தம் விருப்பத்தை எழுதியும் வைக்கலாம். பயனற்றுப்போன சிகிச்சையை நிறுத்துவதை உலமாக்கள் பலர் தற்கொலையாகக் கருதுவதில்லை. "நாமே கொன்றுவிட்டோமோ" என்று பிறகு வருடக்கணக்கில் புழுங்கும் பிள்ளைகள், கையெழுத்திடும் முன்பே உங்கள் ஆலிமிடம் கேளுங்கள்.

ஊசி கேட்பவர்களில் பலர் உண்மையில் கேட்பது வலி தீர வழி. மார்பின் போன்ற மருந்துகளைத் தக்க அளவில் டாக்டர் தருவது சிகிச்சைதான். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலி நிவாரணப் பராமரிப்பு செய்கிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.