இலைகள் ஏன் நீலமாயின?

சோழமண்டலக் கரையில் 18-ஆம் நூற்றாண்டில் செய்த பூத்துணிகள் பல, இன்று லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சிலவற்றில் குன்றின் மேல் ஒரு மரம் நிற்கும். அதன் கிளைக்குக் கிளை வேறு வேறு பூ! எந்தத் தாவரவியல் புத்தகத்திலும் இல்லாத மரம் அது. இன்னொரு விந்தை: இலைகள் பல இடங்களில் நீலமாக இருக்கும். ஓவியர் அப்படி வரையவில்லை. பிறகு எப்படி?

விடை தேட, முதலில் அந்தச் சோழமண்டலக் கரைக்கே போவோம். மதுராந்தகம் ஏரியிலிருந்து ஒரு கொக்கு நேர் கிழக்கே சுமார் 30 கிலோமீட்டர் பறந்தால் சதுரங்கப்பட்டினம் கடற்கரைக்குப் போய்விடும். நம் துணிகளை வாங்கவே 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் அங்கே வந்து தங்கினார்கள். அவர்களுடைய கோட்டையை இன்றும் பார்க்கலாம்.

இந்தக் கடலோர மணலில் இம்பூறல் என்றொரு சின்னஞ்சிறு செடி வளரும். பூ வெள்ளை, பொடிப்பொடியாக இருக்கும். ஆனால் வேர்ப்பட்டையில் அலிசரின் என்ற சிவப்புச் சாயம் ஒளிந்திருக்கிறது. அதனால்தான் அதற்குச் சாயவேர் என்றும் பெயர்.

வேர்ச்சாற்றைத் தொட்டுத் துணியில் பூ வரைந்தால் என்ன ஆகும்? அலசியதும் போய்விடும், பருத்தி நூலில் அது தானாக ஒட்டாது. நம் கைவினைஞர்கள் கண்டுபிடித்த வழி எனக்கு இன்றும் பெரிய வியப்பு. துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப்பாலிலும் நனைத்துக் காயவைத்தார்கள். பாலின் கொழுப்பு, கோடு கசியாமல் காக்கும். பிறகு சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலால் வரைந்தார்கள். படிகாரத்துக்கு நிறமே இல்லை! முழுத் துணியையும் சாயவேரோடு கொதிக்கவைத்ததும், படிகாரம் பட்ட இடம் மட்டும் நிலையாகச் சிவந்தது. மற்ற இடங்களில் ஏறிய சாயம் அலசி வெயிலில் உலர்த்த உலர்த்த வெளுத்துவிடும். படிகாரத்தில் உள்ள அலுமினியம் ஒரு கையால் நூலையும் மறு கையால் அலிசரினையும் பிடித்துக்கொள்வதே காரணம்.

1868-இல் ஜெர்மனியில் கிரேபே, லீபர்மான் என்ற இருவர் நிலக்கரித் தாரில் கிடைக்கும் ஒரு பொருளிலிருந்து அலிசரினைச் செய்துவிட்டார்கள். பிறகு வேர் தோண்டும் தொழில் நலிந்தது.

இனி இலைக்கு வருவோம். பச்சைக்கென்று தனிச் சாயம் கிடையாது. நீலம் வேண்டாத இடங்களை மெழுகால் மூடி, துணியை அவுரிச் சாயத்தில் முக்குவார்கள். நீலமான இலையின் மேல் மஞ்சள் பூசினால் பச்சை! ஆனால் அந்த மஞ்சளை வெளிச்சம் மெல்ல மெல்லச் சிதைத்துவிடும். அவுரி தாக்குப்பிடிக்கும். இருநூறு வருடங்களில் மஞ்சள் மறைந்து நீலம் மட்டும் மிஞ்சியது.

அந்தத் துணிகளின் கருப்புக் கோடுகளுக்கு இரும்பு. இதை நீங்களே செய்யலாம். பெரியவர்களைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். துருப்பிடித்த ஆணியை வினிகரில் ஓரிரு நாள் ஊறவிடுங்கள். வெள்ளைப் பருத்தித் துணியைக் கடுக்காய்த் தண்ணீரிலோ பால் சேர்க்காத தேநீரிலோ நனைத்துக் காயவையுங்கள். ஆணி ஊறிய நீரைக் குச்சியால் தொட்டு ஓர் இலை வரையுங்கள். கோடு கருக்கும்.